நிகழாத வரலாற்றை எழுதியவர்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்றிருந்தால் உலகம் என்னவாகியிருக்கும்? இவ்வினாவை எழுப்பிய புதினங்கள் பல. அவற்றுள் தலையாயதாகத் திறனாய்வாளர் பலர் கொள்வது 1962-இல் வெளிவந்த 'தி மேன் இன் தி ஹை காசில்'. அதனை எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் பிலிப் கே. டிக் ஆவார்.

அவர் 1928 டிசம்பர் 16 அன்று சிகாகோ நகரில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தார். உடன்பிறந்த தங்கை ஜேன் ஆறே வாரங்களில் இறந்துபோனாள். கொலராடோ மாநிலத்தில் அவளுக்கு எழுப்பிய கல்லறைக் கல்லில், உயிரோடிருந்த பிலிப்பின் பெயரையும் அருகிலேயே பொறித்துவிட்டனர். தன் பெயர் தாங்கிய கல்லறை ஒன்று காத்திருக்க, வாழ்ந்து தீர்த்த மனிதர் அவர்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் வளர்ந்தார்; இசைத்தட்டுக் கடையில் பணியாற்றினார். 1952-இல் முதற் சிறுகதையும் 1955-இல் முதற் புதினமும் அச்சேறின. மலிவுப் பதிப்புகளாக வந்த அறிவியல் புனைகதைகளால் வறுமை தீரவில்லை. அன்றாட வாழ்வைக் கூறும் இலக்கியப் புதினங்களால் பெயர்பெறவே அவர் விரும்பினார். அத்தகைய படைப்புகளையோ பதிப்பாளர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தனர். 1961-ஆம் ஆண்டளவில் மனைவியின் நகைப்பட்டறையில் துணைவேலை செய்யும் நிலைக்கு வந்தார். எழுத்தையே கைவிட எண்ணியிருந்த வேளையில், அப்பட்டறை வேலையிலிருந்து தப்பும் பொருட்டுத் தொடங்கியதே இப்புதினம்!

தொடங்கியது அவ்வாறாயினும், அதற்குப் பின்னிருந்த உழைப்பு பெரிது. ஜெர்மன் மொழி அறிந்த அவர், நாஜிகளின் ஆவணங்களைப் பெர்க்லிப் பல்கலைக்கழக நூலகத்தில் பயின்றிருந்தார். வரலாற்றைத் திருப்புவதற்கு அவர் தேர்ந்த இடமும் நுட்பமானது. 1933 பிப்ரவரியில் மயாமி நகரில் சங்காரா என்பவன் ரூஸ்வெல்ட்டை நோக்கிச் சுட்டான், குறி தவறியது. புதினத்தில் ரூஸ்வெல்ட் கொல்லப்படுகிறார். தலைமையிழந்து தளர்ந்த அமெரிக்கா தோற்கிறது. கிழக்குக் கரையை ஜெர்மனியும் மேற்குக் கரையை ஜப்பானும் ஆள்கின்றன.

போர்க்களக் காட்சிகளை இந்நூலில் தேடுவோர் ஏமாறுவர். ஆப்பிரிக்க மக்கள் கூண்டோடு அழிக்கப்பட்ட செய்திகூட ஒரு வணிகனின் எண்ண ஓட்டத்தில் போகிறபோக்கில் வந்து செல்கிறது. அக்கொடுமைக்குப் பழகிவிட்ட மனத்தைக் காட்ட இதனினும் கடுமையான வழி இல்லை என்பேன். ஃபிரிங்க் என்னும் யூதர் தம் இனத்தை மறைத்து, வெள்ளி அணிகளைச் செய்து பிழைக்கிறார். ஆம், அந்த நகைப்பட்டறை நூலுக்குள்ளும் புகுந்துவிட்டது! பிடிபட்ட அவரை ஜெர்மானியர் தம்மிடம் ஒப்படைக்கக் கோருகின்றனர். டகோமி என்னும் ஜப்பானிய அதிகாரி கையொப்பமிட மறுத்து, அவரை விடுவிக்க ஆணையிடுகிறார். சற்றுமுன் தம் கையில் வைத்து நெடுநேரம் நோக்கிய சிற்றணியைச் செய்தவர் இவரே என்பது டகோமிக்குத் தெரியாது. முகம் அறியாத ஒருவருக்காகவே அவர் மறுக்கிறார்.

இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1942-இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வழியினரான சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. பெர்க்லி வாழ் ஜப்பானியரும் அதற்குத் தப்பவில்லை. இருபதாண்டுகள் கழித்து அம்மண்ணின் எழுத்தாளர் ஒருவர், நூலின் அறத்தை ஒரு ஜப்பானியரின் கையில் ஒப்படைத்தது சிறு செயலன்று.

1963-இல் இந்நூல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதைப் பெற்றது. அதே ஆண்டில் அவருடைய இலக்கியப் புதினங்கள் விற்க இயலாதவை எனத் திருப்பி அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று மட்டுமே, 1975-இல், அவர் வாழ்நாளில் வெளிவந்தது. விருதுபெற்ற புதினத்தின் தொடர்ச்சியையும் எழுத முற்பட்டார். அதற்காக நாஜிகளின் கொடுமைகளை மீண்டும் படிக்க அவருக்கு மனம் துணியவில்லை. இரண்டு அத்தியாயங்களோடு நின்ற அப்படியை, 1982 மார்ச் 2 அன்று தம் 53-ஆம் அகவையில் மறையும் வரை அவர் முடிக்கவே இல்லை.