பனியை அளந்த பிளான்போர்டு

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் சிப்பியும் நத்தையும் கல்லுருவாய்க் கிடைத்தல் உண்டு. கரிசல் விரிந்த அந்நிலம் பண்டு கடலடியாய்க் கிடந்தமைக்கு அவையே சான்று. அப்பாறைகளை முறைப்பட ஆராய்ந்து, கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர்.

1834-இல் பிறந்த இவர், 1855-இல் தமையனார் வில்லியமுடன் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். ஒரிசாவின் தால்சேரில், நுண்மண்ணிடையே பெருங்கற்கள் புதைந்திருத்தலை இருவரும் கண்டனர். நீரோட்டம் அவ்வாறு சேர்த்து வைத்தல் அரிது. முன்னொரு காலத்துப் பனிக்கட்டியே அவற்றைக் கொணர்ந்தது என்று துணிந்தனர். வெயில் சுடும் நாட்டில் பனிக்கட்டியா என நமக்கு வியப்புத் தோன்றும். பிற்கால ஆராய்ச்சி அவர்கள் கருத்தையே உறுதி செய்தது.

பின்னர்ப் பிளான்போர்டு கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகி, வானிலையில் மனம் செலுத்தினார். 1875-இல் இந்திய நாடு முழுமைக்கும் வானிலைத் தலைவரானார். அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் பல இலட்சம் மக்கள் மடிந்தனர். மழை பொய்ப்பதை முன்னரே அறிதல் கூடுமா என்பதே அவர்முன் நின்ற வினா.

இமயத்தில் பனி மிகுதியாய்ப் பெய்து, இளவேனில் கடந்தும் உருகாதிருந்தால், நிலம் சூடேறுதல் தாழ்க்கும், வறண்ட வடமேற்குக் காற்று வலுக்கும், பருவமழை குன்றும். 1884-இல் இக்கருத்தை வெளியிட்டார். 1886-இல் இமயப் பனியைக் கொண்டு பருவமழைக்கு முன்னறிவிப்பு வழங்கினார். பனி ஒன்றே காரணம் அன்று, தொலைதூரக் கடல்களின் வெப்பமும் காரணம் எனப் பின்வந்தோர் கண்டனர். ஆயினும் தென்னாட்டு உழவனின் வயலுக்கும் வடமலைப் பனிக்கும் தொடர்பு தேடிய துணிவு சிறிதன்று.

1889-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய அவர், 1893-இல் மறைந்தார்.