முப்பது ரூபாய் குமாஸ்தா

ரிசல்ட் ஒட்டும் நாளில் நோட்டீஸ் போர்டு பக்கம் போகவே பலருக்குக் கால் வராது. எத்தனை அரியர்ஸ் என்று வீட்டில் கேட்பார்களே என்ற கவலையோடு புவனகிரி பஸ்ஸில் உட்கார்ந்திருப்போம். கணித மேதை ராமானுஜனும் இதே பாடு பட்டவர்தாங்க. மேதை என்று மாலை போடுகிறோமே தவிர, அவர் வேலை தேடி அலைந்த கதையை யாரும் அதிகம் பேசுவதில்லை. அதில் நம்ம பழைய தென்னாற்காடு ஜில்லாவுக்கும் பங்கு உண்டு.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தாலும் வளர்ந்ததெல்லாம் கும்பகோணம். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். டவுன் ஹைஸ்கூலில் 1904-ல் படிப்பை முடிக்கும்போது பையனுக்குக் கணிதப் பரிசு. அதற்குமுன்பே, கார் என்பவர் தொகுத்த கணிதச் சூத்திரப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. வினையும் அங்கேதான் ஆரம்பம்! இராப்பகலாய்க் கணக்குதான். மற்ற பாடமெல்லாம் காற்றில் போச்சு.

ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்த கும்பகோணம் காலேஜில் இங்கிலீஷில் கோட்டை விட்டார், ஸ்காலர்ஷிப்பும் போனது. 1905-ல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் ஓடினார். அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. பரீட்சையில் 1906-லும் ஃபெயில், 1907-லும் ஃபெயில். டிகிரி இல்லை, வருமானம் இல்லை. 1909-ல் கல்யாணம் மட்டும் ஆகிவிட்டது.

1910-ல் நோட்டுப் புத்தகத்தோடு திருக்கோவிலூருக்கு வந்தார். அப்போது அது நம்ம ஜில்லா. அங்கே டெபுடி கலெக்டர் வி.ராமசாமி அய்யர், இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய அய்யர், இப்படிப்பட்டவரைத் தாலுகா ஆபீஸில் அடைத்துப் போட மனசில்லாமல், சிபாரிசுக் கடிதங்களோடு சென்னைக்கு அனுப்பினார். வேலை இல்லை என்று சொன்னதற்காக ஒருவருக்கு நன்றி சொல்வதென்றால் இவருக்குத்தான் சொல்லணும்!

நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாசம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். சும்மா வாங்கிச் சாப்பிட ராமானுஜனுக்கு மனசு ஒப்பவில்லை. 1912 ஜனவரியில் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாய்க்குத் தற்காலிக வேலை. அது சில வாரம்தான் நீடித்தது. மார்ச் 1-ல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் கணக்குக் குமாஸ்தா ஆனார். சம்பளம் 30 ரூபாய்.

இங்கே வாய்த்த மேலதிகாரிகளைப் பாருங்க. சீஃப் அக்கவுண்டண்ட் நாராயண அய்யர், தானே கணிதம் தெரிந்தவர். போர்ட் டிரஸ்ட் சேர்மன் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு என்ஜினீயர். ராமானுஜனுக்காக லண்டன் பேராசிரியர் ஹில்லுக்குக் கடிதம் எழுதிய கிரிஃபித், மெட்ராஸ் என்ஜினீயரிங் காலேஜில் சிவில் பாடம் நடத்தியவர். ஆக, நம்ம துறைக்காரர்கள்தான் முன்னே நின்றார்கள்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு அவரே கடிதம் எழுதினார். தான் போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம், காலேஜ் படிப்பை முடிக்காதவன் என்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதி, பக்கம் பக்கமாய்த் தேற்றங்களைச் சேர்த்து அனுப்பினார். அதே வருஷம் மே மாசம், டிகிரியே இல்லாத அவருக்கு மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பதினாலு மாசம் கணக்கு எழுதிய மேஜையை விட்டு எழுந்தார். 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.