தலைசுற்றலின் காரணம் கண்டவர்

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் குடை இராட்டினத்தில் சுற்றி இறங்கும் சிறுவர்களுக்கு, நின்ற பின்னும் நிலம் சுழல்வதாகத் தோன்றும். கொங்கு நாட்டுக் குழந்தைகள் நன்கறிந்த இவ்வுணர்வுக்குரிய உறுப்பை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றவர் இராபர்ட் பாரானி.

பாரானி 1876ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் வியன்னாவில் பிறந்தார். இளமையில் எலும்பைத் தாக்கிய காசநோயால் அவரது முழங்கால் மடக்க இயலாதவாறு விறைத்தது. அந்நோயே அவருக்கு மருத்துவத்தில் நாட்டத்தை ஏற்படுத்தியது. 1900இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் அந்நகரின் செவி மருத்துவப் பிரிவில் பணியாற்றினார்.

செவியை நீர் பீய்ச்சித் தூய்மை செய்தபோது நோயாளிகள் சிலர் தலைசுற்றுவதாகக் கூறினர். பாரானி அதனைப் புறக்கணிக்காமல் அவர்களின் கண்களை உற்றுநோக்கினார். விழிகள் பக்கவாட்டில் துள்ளித் துள்ளி அசைந்தன. குளிர்ந்த நீருக்கு ஒரு திசையிலும் சூடான நீருக்கு எதிர்த்திசையிலும் அவ்வசைவு அமைந்தது. கொதிகலனில் சூடேறிய நீர் மேலெழுவதை நினைவுகூர்ந்த அவர், உட்செவியின் அரைவட்டக் குழல்களிலுள்ள நீர்மமும் வெப்பத்தால் அவ்வாறே நகர்கிறது என உணர்ந்தார்.

தலை திரும்பும்போது அந்நீர்மம் நுண்ணிய உணர்மயிர்களை வளைக்கிறது. அச்செய்தி நரம்பின் வழியே மூளைத்தண்டை அடைகிறது. மூளைத்தண்டு விழித்தசைகளுக்கும் தண்டுவடத்துக்கும் ஆணையிட்டுப் பார்வையையும் உடலையும் நிலைநிறுத்துகிறது. சுழற்சி நின்ற பின்னும் நீர்மம் சற்றுநேரம் நகர்வதே இராட்டினச் சிறுவர்களின் தலைசுற்றலுக்குக் காரணம். இப்பாதை பழுதற்றதா என்பதைச் செவியில் நீர் செலுத்தி அறியும் சோதனையைப் பாரானி 1906இல் வெளியிட்டார்.

முதல் உலகப்போரில் ஆஸ்திரியப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், 1915இல் ரஷ்யரிடம் சிறைப்பட்டார். 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு தமக்கு வழங்கப்பட்ட செய்தியைப் போர்க்கைதிகள் முகாமிலேயே அறிந்தார். சுவீடன் இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே மேற்கொண்ட முயற்சியால் 1916இல் விடுதலை பெற்றார். ஆயினும் வியன்னாவில், பிறரது ஆய்வுகளை உரியவாறு குறிப்பிடவில்லை என்று உடன்பணியாற்றியோர் அவர்மீது குற்றம் சாட்டினர். மனம் வருந்திய பாரானி 1917இல் சுவீடனின் உப்சாலா நகருக்குச் சென்று ஆய்வையும் கற்பித்தலையும் தொடர்ந்தார். 1936 ஏப்ரல் 8இல் மறைந்தார்.

மூளைத்தண்டு மீளமுடியாதவாறு செயலிழந்த நிலை மூளைச்சாவு எனப்படுகிறது. அதனை உறுதிசெய்ய இந்தியாவில் நடத்தப்படும் சோதனைகளுள், செவியில் குளிர்ந்த நீரைச் செலுத்தி விழியசைவைப் பார்ப்பதும் ஒன்று. உறுப்புக்கொடைக்கு முன்னர் கோவை மருத்துவமனையொன்றில் மருத்துவர் அவ்வாறு உற்றுநோக்கும்போது, வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான எல்லையை அறியப் பாரானியின் கண்டுபிடிப்பு துணைநிற்கிறது. நோயாளி கூறிய சிறு குறையையும் அவர் செவிமடுத்ததன் பயன் அது.