முள்ளைச் சூழ்ந்த செல்கள்: மெச்னிகோவ் கண்டது என்ன?

காலில் முள் ஏறினால் ரெண்டு நாளில் சீழ் கட்டுது இல்லையா? அந்தச் சீழில் இருப்பவை பெரும்பாலும் செத்துப்போன வெள்ளை அணுக்கள். 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களுக்கும் இது தெரியும். ஆனால், கிருமிகளை உடம்பெல்லாம் பரப்புவதே இவைதான் என்று பலர் நம்பினார்கள். பழியைத் துடைத்தவர் இலியா மெச்னிகோவ். அவர் மருத்துவர்கூட இல்லை, விலங்கியல்காரர்.

1845இல் இன்றைய உக்ரைனின் கார்கிவ் பக்கம் பிறந்தார். முதல் மனைவி 1873இல் காசநோயில் இறந்தபோது, உயிரை விடத் துணிந்து பிழைத்தார். 1882இல் ஒடேசா பல்கலைக்கழகத்தில் அரசியல் கெடுபிடி தாங்காமல் வேலையை விட்டுவிட்டு, இரண்டாம் மனைவி ஓல்காவின் குடும்பத்தோடு இத்தாலியின் மெசினாவுக்குப் போனார்.

ஒருநாள் வீட்டார் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கக் கிளம்ப, இவர் மட்டும் மைக்ரோஸ்கோப்போடு உட்கார்ந்தார். நட்சத்திர மீனின் இளம் புழு கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே செல்கள் ஊர்வது அப்படியே தெரியும். தோட்டத்து ரோஜா முள்ளை அதன் தோலுக்கடியில் செருகினார். விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்துக் கிடந்தன! அந்தப் புழுவுக்கு ரத்தக்குழாயே கிடையாது. ஆக, செல்கள் தாங்களாகவே நகர்ந்து வந்திருக்கின்றன.

காலே இல்லாத செல் எப்படி நடக்கும்? அட்டை ஊர்வதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். முன்பக்கத்தை நீட்டும், தரையைப் பற்றும், பின்பக்கப் பிடியை விட்டு உடலை இழுத்துக்கொள்ளும். இதில் எந்தப் புரதம் பிடிக்குது, எது இழுக்குது என்பதெல்லாம் அவர் காலத்துக்கு வெகு பின்னால் தெரிந்த சங்கதி.

ஜெர்மானிய அறிஞர்கள் லேசில் ஒப்பவில்லை. கிருமியைக் கொல்வது செல் அல்ல, ரத்தத்தின் நீர்ப்பகுதிதான் என்றார்கள். சண்டை ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1888இல் பாரிஸில் பாஸ்டர் தன் நிறுவனத்தில் இவருக்கு இடம் கொடுத்தார். 1908 நோபல் பரிசை இவருக்கும், எதிரணியின் பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தே கொடுத்தார்கள். ரெண்டு பக்கமும் சரிதான் என்று பிறகு தெரிந்தது. 1916இல் இறந்தார். அஸ்தி பாஸ்டர் நிறுவன நூலகத்தில் இருக்கிறது.

நம் உடம்பில் வெள்ளை அணுக்கள் ரத்த ஓட்டத்தில் அடித்துக்கொண்டு போகும். புண் இருக்கும் இடத்தில் குழாய்ச் சுவரைப் பிடித்து நின்றால்தான் வெளியே நுழைய முடியும். அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு இந்தப் பிடிக்கும் புரதம் பிறவியிலேயே இருக்காது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏராளமாக இருக்கும். புண்ணில் சீழே வராது, தொற்று மட்டும் திரும்பத் திரும்ப வரும். பிறந்து மூன்று, நான்கு வாரமாகியும் தொப்புள்கொடி விழவில்லை என்றால் டாக்டர்கள் இதையும் சந்தேகித்துப் பார்ப்பார்கள்.