காதுக்குள் எட்டிப் பார்த்த டெலிபோன் இன்ஜினியர்

அரியலூர் பக்கம் வாரணவாசியில இருக்கிற புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கீங்களா? நம்ம ஊர் கடலா இருந்த காலத்துல வாழ்ந்த அம்மோனைட்டுகள் அங்க கல்லா உட்கார்ந்திருக்கும். நத்தை ஓடு மாதிரி சுருண்ட உருவம். கிட்டத்தட்ட அப்படி ஒரு சுருள், பட்டாணி அளவுல, நம்ம ஒவ்வொரு காதுக்குள்ளயும் இருக்கு. பேர் காக்ளியா. லத்தீன்ல நத்தை ஓடுன்னு அர்த்தம்.

வெளியில இருந்து வர்ற ஒலி அங்கதான் நரம்புச் செய்தியா மாறுது. அந்த இடத்துல என்ன அசையுது, எப்படி அசையுதுன்னு கண்ணால பார்த்துச் சொன்னவர் ஒரு டாக்டர் இல்லை. தபால் துறையில டெலிபோன் வேலை பார்த்தவர். ஜார்ஜ் வான் பேகேஷி.

1899 ஜூன் 3-ல் புடாபெஸ்ட்டில் பிறந்தார். அப்பா தூதரக அதிகாரி. அதனால மியூனிக், கான்ஸ்டான்டிநோபிள், சூரிச்னு ஊர் ஊரா மாறிப் படிச்சார். பெர்ன்ல வேதியியல், அப்புறம் புடாபெஸ்ட்ல இயற்பியல். 1923-ல் முனைவர் பட்டம். முதல் உலகப்போர் முடிஞ்சு ஹங்கேரி நொடிஞ்சுபோன நேரம் அது. நல்ல கருவிகள் இருந்த ஆய்வகம்னா தபால் துறையோட டெலிபோன் ஆய்வகம்தான். அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்.

அவருக்கு வந்த கேள்வி நமக்கும் புரியும். டெலிபோனை எந்த அளவுக்கு மேம்படுத்தணும்? காது எவ்வளவு துல்லியமா கேட்கும்னு தெரியாம இதுக்குப் பதில் சொல்ல முடியாது. அப்படித்தான் கம்பியில ஆரம்பிச்ச தேடல் காதுக்குள்ள போச்சு.

அதுவரைக்கும் பலரும் நம்பினது ஹெல்ம்ஹோல்ட்ஸோட விளக்கத்தை. காக்ளியா உள்ள நீளமா ஓடுற பேசிலார் சவ்வுல, பியானோ மாதிரி இழுத்துக் கட்டின நார்கள் இருக்கு. ஒவ்வொரு சுருதிக்கும் அதுக்கான நார் மட்டும் அதிரும்னு அவர் சொல்லியிருந்தார். அழகான தியரி. ஆனா உள்ள போய்ப் பார்க்கிறது சுலபமில்லை. காக்ளியா இருக்கிறது உடம்புலயே ரொம்பக் கடினமான எலும்புக்குள்ள. உள்ள திரவம். அசைவோ நுண்ணியது.

பேகேஷி இறந்தவங்க உடல்ல இருந்து எடுத்த காது எலும்புகளைத் தண்ணிக்குள்ள வச்சே, மைக்ராஸ்கோப்ல பார்த்துக்கிட்டே துளைச்சார். சவ்வு மேல வெள்ளித் துகளைத் தூவினார். ஒலியைக் கொடுத்து, ஸ்ட்ரோபோஸ்கோப் ஒளியில பார்த்தார். மெஷின்ஸ் லேப்ல சுத்துற மோட்டாரை நிக்கிற மாதிரி காட்டுமே, அதே உத்திதான்.

அவர் பார்த்தது தனித்தனி நார் அதிர்வதை இல்லை, ஒரு அலையை. காக்ளியாவோட வாசல்ல கிளம்பி, சவ்வு மேலேயே நகர்ந்து, ஓரிடத்துல உச்சத்துக்கு எழும்பி, உடனே அடங்கிடுது. கிட்டத்தட்ட 35 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தச் சவ்வு வாசல்ல குறுகலா விறைப்பா இருக்கும். உள்ள போகப் போக அகலமாகித் தளர்ந்துடும். அதனால கீச்சுக் குரல் வாசல் பக்கமே உச்சம் தொடும். தவில் மாதிரி கனத்த ஒலி கடைசி வரைக்கும் போகும். நார்கள் இழுத்துக் கட்டியிருக்கான்னும் சோதிச்சார். சவ்வைச் சின்னதா கீறிப் பார்த்தார். இழுவிசை இருந்தா கீறல் விரிஞ்சிருக்கணும். விரியலை. பியானோ கணக்கு அங்கேயே அடிபட்டுப் போச்சு.

இந்த அலையைப் பத்தி 1928-ல் எழுதினார். அப்புறம் எலியில இருந்து யானை வரைக்கும் பல உயிர்களோட காதுகள்லயும் அளந்து பார்த்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு 1946-ல் ஸ்வீடன் போனார். அடுத்த வருஷம் ஹார்வர்டு. அங்க ஒரு மாடல் செஞ்சார். தண்ணி நிரப்பின குழாய், அது மேல முன்கையை வைக்கணும். அலை கை நீளத்துக்கும் ஓடும். ஆனா வச்சவருக்கு ஒரு சின்ன இடத்துல மட்டும்தான் அதிர்வு தெரியும். 1961-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இந்த இயற்பியல்காரருக்குக் கிடைச்சது.

ஆனா ஒரு முடிச்சு அவிழலை. அவர் அளந்த அலையோட உச்சம் ரொம்ப அகலம். நாமளோ 1000 ஹெர்ட்ஸையும் 1005 ஹெர்ட்ஸையும் பிரிச்சுக் கேட்கிறோம். மீதித் துல்லியத்தை நரம்புகள் சேர்க்குதுன்னு அவர் நினைச்சார். 1971-ல் வில்லியம் ரோட் உயிருள்ள குரங்கோட காதுல அளந்தார். உச்சம் கூர்மையா இருந்தது. உயிர் போனதும் அந்தக் கூர்மையும் போயிடுச்சு. 1978-ல் டேவிட் கெம்ப், காதே மெல்லிய ஒலியை வெளியே அனுப்புதுன்னு காட்டினார். காரணம், ஒவ்வொரு காதுலயும் இருக்கிற சுமார் 12,000 வெளி மயிர்ச்செல்கள். அவை நீண்டு சுருங்கி அலையைத் தள்ளிவிடுது. உயிருள்ள ஆம்ப்ளிஃபயர்.

பேகேஷி 1972 ஜூன் 13-ல் ஹவாய் ஹோனலுலுவில் இறந்தார். கடைசி வரை ஆய்வுதான்; கல்யாணம் பண்ணிக்கலை. அவர் பார்த்த அலை இன்னைக்கும் பாடப்புத்தகத்துல நிக்குது. அவர் அளவு தப்பில்லை. இறந்த காதுல அந்த ஆம்ப்ளிஃபயர் ஓடலை, அவ்வளவுதான்.

நமக்கு முக்கியமானது இந்த இடம்தான். பெருஞ்சத்தம் முதல்ல அடிக்கிறது இதே வெளி மயிர்ச்செல்களைத்தான். பாலூட்டிகள்ல அவை செத்தா திரும்ப முளைக்காது. நம்ம நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்னு எல்லை வச்சதும் அதனாலதான். அரியலூர் சிமென்ட் ஆலைக்கு இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனா, பால் மில் பக்கத்துல இயர்மஃப் இல்லாம நிக்காதீங்க. பெரம்பலூர் பஸ்ல இயர்போன் சத்தத்தை இன்ஜின் சத்தத்துக்கு மேல ஏத்துறப்பவும் கொஞ்சம் யோசிங்க. அந்தச் செல்கள் உங்க காதுக்குள்ள இப்போ வேலை பார்த்துக்கிட்டு இருக்கு.