28 டாலரில் சொந்த வீடு... பழைய பலகையில் குடில் கட்டிய தோரோ யார்?

ஹோம் லோன், இ.எம்.ஐ. கணக்கு போட்டே தலை சுற்றுகிறதா? 1845-ல் அமெரிக்காவில் ஒருவர் வெறும் 28 டாலர் 12½ சென்ட்டில் வீடு கட்டி முடித்தார். அவர் படித்த ஹார்வர்டில் அப்போது ஒரு மாணவர் அறைக்கு ஆண்டு வாடகையே 30 டாலர்!

அவர்தான் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ.

யார் இவர்?

1817-ல் மாசசூசெட்ஸின் கான்கார்டில் பிறந்தவர். அப்பா பென்சில் தயாரித்தவர். படிப்பு முடிந்ததும் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் வேலை. மாணவர்களை அடிக்க மனமில்லாமல் சில வாரங்களிலேயே வெளியேறினார். வாழ உண்மையில் எவ்வளவுதான் தேவை என்று பார்த்துவிட நினைத்தார்.

எப்படிக் கட்டினார்?

வால்டன் குளக்கரையில் நண்பர் எமர்சனின் நிலம். இரவல் கோடரியால் பைன் மரங்களை வெட்டித் தூண், உத்தரம் செய்தார். பலகைக்கு என்ன வழி? ரயில் பாதையில் வேலை பார்த்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை 4.25 டாலருக்கு வாங்கிப் பிரித்தார். கறை வெளுத்து, கோணல் நிமிர அந்தப் பலகைகளைப் புல்லில் பரப்பி வெயிலில் காயவிட்டார். ஜன்னல்கள் இரண்டும் செகண்ட் ஹேண்ட். செங்கல் ஆயிரமும் பழசு.

அளவு 10-க்கு 15 அடி, ஒரே அறை. தரையில் உள்ள மூடியைத் தூக்கினால் 7 அடி ஆழத்தில் நிலவறை. உருளைக்கிழங்கு அங்கே உறையாமல் இருக்கும்.

கணக்கில் வராதது என்ன?

நிலத்துக்குக் காசு இல்லை, தன் உழைப்புக்கும் கூலி போடவில்லை. இன்னொன்றும் உண்டு: விற்ற மறுநாள் காலையிலேயே காலின்ஸ் குடும்பம் உடைமையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வெளியேறியது. அதையும் தோரோ மறைக்காமல் எழுதிவைத்தார்.

பிறகு?

அங்கே 2 ஆண்டு, 2 மாதம் வாழ்ந்தார். இடையில் 1846-ல், அடிமை முறையை ஆதரிக்கும் அரசுக்கு வரி கட்ட மறுத்து ஓரிரவு சிறையில் இருந்தார். அதைப் பற்றிய அவரது கட்டுரை பின்னாளில் காந்தியைக் கவர்ந்தது. குடில் வாழ்க்கை 1854-ல் 'வால்டன்' என்ற புத்தகமானது. 1862-ல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 44.

குடில் என்ன ஆனது? கைமாறி, இடம்மாறி, 1868-ல் பிரிக்கப்பட்டது. கூரை ஒரு பன்றித் தொழுவத்துக்குப் போனது. மரம் மறுபடியும் பழைய பலகையாகவே பயன்பட்டது!