கேப்டன் ராஜீவ்

நம் பகுதியில் ராஜீவ் காந்தி என்றால் ஸ்ரீபெரும்புதூர் நினைவிடம்தான் முதலில் நினைவுக்கு வரும். அரசியலுக்கு வருமுன் பத்தாண்டுகளுக்கு மேல் அவர் மாதச் சம்பளத்துக்கு விமானம் ஓட்டியவர் என்பது நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது.

1944 ஆகஸ்ட் 20 அன்று பம்பாயில் பிறந்தார். டேராடூனில் பள்ளிப் படிப்பு. பிறகு கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் பொறியியல் படித்தார், பட்டம் பெறவில்லை. நாடு திரும்பி டெல்லி ஃப்ளையிங் கிளப்பில் பயிற்சி பெற்று, இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தார். தாயார் பிரதமராக இருந்தபோதும், ஆவ்ரோ விமானங்களை ஓட்டும் சாதாரண விமானியாகவே வேலை பார்த்தார்.

தம்பி சஞ்சய் காந்திக்கும் பறப்பதில் மோகம் உண்டு. ஆனால் அவர் பறந்தது பொழுதுபோக்குக்காக. 1980 ஜூன் 23 காலை, ஃப்ளையிங் கிளப்பின் பிட்ஸ் என்ற இரண்டு இருக்கை சாகச விமானத்தில் டெல்லிக்கு மேலே குட்டிக்கரணம் அடித்தார். விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. சஞ்சயும் உடன் சென்ற கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் இறந்தனர். சஞ்சய்க்கு வயது 33.

அண்ணன் தம்பி இருவரும் பறந்தது ஒரே வானத்தில்தான். வித்தியாசம் எங்கே? வங்கியில் பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் உண்டு. இரண்டும் இரண்டு பேரிடம் இருக்கும். ஏர்லைன்ஸும் அப்படித்தான். இரண்டு விமானிகள், குறித்த காலத்தில் மருத்துவப் பரிசோதனை, திறன் சோதனை, வேலை நேரத்துக்கு வரம்பு, புறப்படுமுன் பொறியாளரின் கையெழுத்து. யாரும் தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்க முடியாது. தனியார் விமானத்திலோ, எப்போது, எவ்வளவு தாழ்வாகப் பறப்பது என்பது பெரும்பாலும் ஒருவர் கையில்தான். அமெரிக்காவில் இத்தகைய சிறு விமானங்களில் ஒரு லட்சம் பறப்பு மணிக்குச் சுமார் ஒரு உயிர்ப்பலி விபத்து நேர்கிறது. பெரிய விமான நிறுவனங்களில் இது பல மடங்கு குறைவு.

தம்பி மறைந்தபின் ராஜீவ் வேலையை விட்டார். 1981-இல் அமேதி எம்.பி. ஆனார். 1984 முதல் 1989 வரை பிரதமர். பதவி போனபின் அவருக்கு இருந்த சிறப்புப் பாதுகாப்புப் படையின் காவலும் விலக்கப்பட்டது.

1991 மே 21 மாலை விசாகப்பட்டினத்தில் அவருடைய சிறிய விமானத்தின் தகவல் தொடர்புக் கருவி பழுதானது. பயணத்தை நிறுத்திவிட்டார். சரிசெய்த பிறகே கிளம்பி, தானே ஓட்டிவந்து மீனம்பாக்கத்தில் பத்திரமாக இறங்கினார். பிறகு காரில் ஸ்ரீபெரும்புதூர் வந்தார். கூட்டத்தைத் தடுத்த பெண் காவலரை, மக்களை வரவிடும்படி அவரே சொன்னார். மாலையோடு வந்தவள் இடுப்பில் வெடிகுண்டு இருந்தது. அவருக்கு வயது 46. காவலர்கள் உட்படப் பலர் அவருடன் இறந்தனர்.

வானத்தில் சோதனை முடியாமல் புறப்படாத மனிதர், தரையில் சோதனையைத் தளர்த்தச் சொன்னார். அதன்பின்தான் சட்டத்தைத் திருத்தி, முன்னாள் பிரதமர்களுக்கும் அந்தப் படையின் பாதுகாப்பு தந்தார்கள்.

நம் கேட்டில் செக்யூரிட்டி உங்கள் விருந்தினரிடம் பதிவேட்டை நீட்டினால், நம்ம ஆள்தான், விடுப்பா என்று சொல்லாதீர்கள். கையெழுத்துப் போட அரை நிமிடம்தான் ஆகும்.